13 தாள்கள், 23 ஏவுதல்கள்: சேலஞ்சருக்கு முந்தைய இரவின் ஸ்லைடுகள்

1986 ஜனவரி 27, இரவு 8.45 மணி. அமெரிக்காவின் மூன்று ஊர்களில் இருந்தவர்கள் தொலைபேசியில் கூடினார்கள். விண்ணோடத்தை மேலே உந்தும் திட எரிபொருள் பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கல் நிறுவனம் யூட்டாவில். அதை வாங்கி மேற்பார்வையிட்ட நாசாவின் மார்ஷல் மையம் அலபாமாவில். ஏவுதளம் புளோரிடாவில். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும். இரவில் கடுங்குளிர் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. ஏவலாமா, தள்ளிவைக்கலாமா என்பதுதான் கேள்வி.

தயோக்கல் பொறியாளர்கள் தள்ளிவைக்கச் சொன்னார்கள். அதற்கான காரணங்களை 13 தாள்களில் எழுதி, ஃபேக்ஸில் மற்ற இரண்டு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். ஒப்பந்த நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளரிடம் எண்களை வைத்து ஒரு முடிவைக் கேட்ட கூட்டம் அது. அவர்கள் சொன்ன முடிவு சரியானது. கையில் இருந்த தரவும் அந்த முடிவின் பக்கம்தான் நின்றது. அப்படியிருந்தும் தாள்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. இரவு 10.30 மணியளவில் தயோக்கல் தனியாகப் பேச இணைப்பிலிருந்து விலகியது. சுமார் அரை மணி நேரம் கழித்து, ஏவலாம் என்ற முடிவோடு திரும்பி வந்தது. அந்த முடிவை எழுதிய கடைசித் தாளில், வெப்பநிலைத் தரவிலிருந்து கசிவை உறுதியாகக் கணிக்க முடியாது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை 11.38க்கு சேலஞ்சர் புறப்பட்டது. 73ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

முடிவை மாற்றியதில் நிர்வாக அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது தனி விசாரணை. இங்கே எடுத்துக்கொள்வது அந்தத் தாள்களை மட்டும். அவற்றில் நடந்த பிழைகள் இன்றைய விற்பனை ஆய்வுக் கூட்டத்திலும் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டத்திலும் அப்படியே நடக்கின்றன.

பிரச்சினை என்ன

பூஸ்டர் சுமார் 12 அடி விட்டமுள்ள எஃகு உருளை. தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து, ஏவுதளத்தில் பூட்டுவார்கள். அப்படிப் பூட்டும் மூட்டு ஒரு பூஸ்டருக்கு மூன்று, இரண்டு பூஸ்டருக்கும் சேர்த்து ஆறு. ஒவ்வொரு மூட்டிலும் 0.280 அங்குலத் தடிமனுள்ள இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்குகள், உள்ளே எரியும் வாயுவை வெளியே விடாமல் அடைக்கின்றன. பற்றவைத்ததும் உள்ளே அழுத்தம் ஏறும். மூட்டின் இடைவெளி ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சற்றே விரியும். ரப்பர் உடனே விரிந்து அந்த இடைவெளியைப் பிடிக்க வேண்டும். குளிர்ந்த ரப்பர் அவ்வளவு வேகமாக விரியாது.

கடலில் விழுந்த பூஸ்டர்களை மீட்டுப் பிரித்துப் பார்த்தபோது சில ஓ-ரிங்குகளில் அரிப்பும், சில மூட்டுகளில் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்ததற்கான கரியும் இருந்தன. இந்தச் சேதத்துக்கும் மூட்டின் வெப்பநிலைக்கும் தொடர்பு உண்டா? அன்றிரவு ஸ்லைடுகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

தாள்களில் இருந்தது

முக்கியமான தாள்களில் ஒன்று, மூட்டுகளில் ஓ-ரிங் சேதத்தின் வரலாறு. அரிப்பின் ஆழம், சுற்றளவில் எத்தனை பாகை பாதிப்பு, வளையத்தின் தடிமன், மிகுதியான அரிப்பின் நீளம், வெப்பம் பட்ட மொத்த நீளம், சேதம் இருந்த கோணம் என்று நெடுவரிசைகள். ஆழம் அங்குலத்தில் மூன்று தசம இடம் வரை: 0.053, 0.040, 0.038, 0.028, 0.010. அளவெடுத்தவர்களின் உழைப்பு அதில் தெரிகிறது. ஆனால் வெப்பநிலைக்கு அந்த அட்டவணையில் நெடுவரிசையே இல்லை. விவாதமே வெப்பநிலையைப் பற்றியது.

வெப்பநிலை வேறொரு தாளில் இருந்தது. அதில் ஏழு மோட்டார்கள் (பூஸ்டரின் எரியும் பகுதி; எஸ்ஆர்எம் என்பது அதன் சுருக்கப் பெயர்). நான்கு, தரையில் கிடத்தி எரித்துப் பார்த்த சோதனை மோட்டார்கள். அவற்றின் ஓ-ரிங் வெப்பநிலை 47 முதல் 52 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு, பறந்தவை: எஸ்ஆர்எம்-15 (53 டிகிரி), எஸ்ஆர்எம்-22 (75 டிகிரி). ஏழாவது, மறுநாள் பறக்க வேண்டிய எஸ்ஆர்எம்-25. அதற்குக் கணித்த வெப்பநிலை, காற்று மணிக்கு 10 மைல் என்றால் 29, 25 மைல் என்றால் 27. செல்சியஸில் சொன்னால் 53 என்பது ஏறக்குறைய 12, 75 என்பது 24, 29 என்பது உறைநிலைக்கு 2 டிகிரி கீழே. எரிபொருளின் சராசரி வெப்பநிலை, வெளிக்காற்று, ஓ-ரிங், காற்றின் வேகம் என நான்கு நெடுவரிசைகளும் ஒரே எழுத்தில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. பார்க்க வேண்டியது மூன்றாவது மட்டும்தான்.

இந்த இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்தாலும் வரிக்கு வரி பொருத்த முடியாது. சேத அட்டவணையில் ஏவுதல்களுக்கு 61-ஏ, 51-சி, எஸ்டிஎஸ்-2 என்று நாசா வைத்த பெயர்கள். வெப்பநிலை அட்டவணையில் எஸ்ஆர்எம்-15, எஸ்ஆர்எம்-22 என்று தயாரிப்பாளரின் வரிசை எண்கள். எஸ்ஆர்எம்-15தான் 51-சி, எஸ்ஆர்எம்-22தான் 61-ஏ என்பது தயோக்கல் ஆட்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். தொலைபேசியின் மறுமுனையில், ஃபேக்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கேட்பவர் அதை மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டும். நம் அலுவலகங்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரே பொருள் ஒரு ஸ்லைடில் எஸ்கேயு (சரக்கு அடையாள) எண்ணாக, அடுத்ததில் கடைப் பெயராக, மூன்றாவதில் தொழிற்சாலைக் குறியீடாக வரும்.

கசிவு வரலாற்றைச் சொன்ன தாளில் இன்னொரு சிக்கல். எஸ்ஆர்எம்-15இல் இரண்டு மூட்டுகளில் கரி 80° மற்றும் 110° பரவியிருந்தது. எஸ்ஆர்எம்-22இல் 30 முதல் 40° வரை. இந்த ° வட்டத்தின் பாகை. வெப்பநிலைத் தாளில் வரும் டிகிரியும் அதே வகை எண்கள்தான்: 29, 53, 75. குளிரைப் பற்றி நடக்கும் கூட்டத்தில் 30–40° என்று ஒரு தாளில் பார்த்தால் கண் எதை நினைக்கும்? ஒரே குறி இரண்டு அளவுகளுக்கு வந்தால் ஒன்றை எழுத்தில் எழுதியாக வேண்டும். ‘சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு வரை கரி’ என்று எழுதியிருந்தால் குழப்பமும் போயிருக்கும், கடுமையும் புரிந்திருக்கும்.

பரிந்துரைத் தாளின் சாரம், ஓ-ரிங் வெப்பநிலை 53 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது. ஏன் 53? பறந்த அனுபவத்தில் இருந்த மிகக் குறைந்த வெப்பநிலை அது. அந்த ஏவுதலில்தான் மிக மோசமான கசிவும் நடந்தது. மறுதரப்பு உடனே கேட்டது: 75 டிகிரியிலும் கசிவு இருக்கிறதே? வெப்பநிலை தெரிந்த பறந்த மோட்டார்கள் இரண்டே இரண்டு. ஒன்று குளிரில், ஒன்று வெயிலில், இரண்டிலும் கசிவு. அந்தத் தாள்களை மட்டும் வைத்துக் கேட்டால் அது நியாயமான கேள்வி. பொறியாளர் ராஜர் போஜொலேவிடம் கவலையை எண்ணில் சொல்லச் சொன்னார்கள். நல்ல நிலையிலிருந்து விலகிப் போகிறது என்பது தெரியும், எண்ணாகச் சொல்லத் தரவு இல்லை என்று அவர் பதில் சொன்னதாக விசாரணையில் சாட்சியம் இருக்கிறது.

விட்டுப்போன 16 வரிகள்

சேலஞ்சரின் கடைசிப் பயணம் 25ஆவது ஏவுதல். அதற்கு முந்தைய 24இல் எஸ்டிஎஸ்-4இன் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிப்போயின. மீட்டு ஆராய்ந்தவை 23. மூட்டு வெப்பநிலை வாரியாக அடுக்கினால் (டிகிரி ஃபாரன்ஹீட்):

53: 51-சி, 3 சம்பவங்கள்
57: 41-பி, 1
58: 61-சி, 1
63: 41-சி, 1
66: எஸ்டிஎஸ்-1, 0
67: எஸ்டிஎஸ்-6, 51-ஏ, 51-டி, மூன்றிலும் 0
68: எஸ்டிஎஸ்-5, 0
69: எஸ்டிஎஸ்-3, 0
70: எஸ்டிஎஸ்-2இல் 1, 41-டியில் 1, எஸ்டிஎஸ்-9, 51-ஜி இரண்டிலும் 0
72: எஸ்டிஎஸ்-7, 0
73: எஸ்டிஎஸ்-8, 0
75: 61-ஏயில் 2, 51-பியில் 0
76: 51-ஐ, 61-பி, இரண்டிலும் 0
78: 41-ஜி, 0
79: 51-ஜே, 0
81: 51-எஃப், 0

சம்பவம் என்பது அரிப்பு, கசிவு அல்லது மிகையான வெப்பத் தாக்கம்.

சேதமடைந்த ஏழு ஏவுதல்களை மட்டும் எடுத்துப் படம் போட்டால் 53இல் 3, 57, 58, 63இல் ஒவ்வொன்று, 70இல் இரண்டு முறை ஒன்று, 75இல் 2. குளிரான முனையிலும் உயரம், வெப்பமான முனையிலும் உயரம், நடுவில் தாழ்வு. இதைப் பார்த்தால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்றுதான் தோன்றும். சேதமில்லாத 16ஐயும் சேர்த்ததும் படம் மாறிவிடுகிறது. அந்த 16 பூஜ்யங்களும் 66 டிகிரியிலும் அதற்கு மேலும் மட்டுமே விழுகின்றன. 65க்குக் கீழே நடந்த நான்கு ஏவுதல்களில் நான்கிலும் சேதம். மேலே நடந்த 19இல் மூன்றில் மட்டும். விபத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணையம் 1986 ஜூன் அறிக்கையில் இந்த இரண்டு படங்களையும் போட்டுக் காட்டியது.

தகவல் சேதமடைந்தவற்றில் மட்டும் இருப்பதாக நினைப்பது மிகவும் இயல்பு. எதுவும் நடக்காத நாளைப் பற்றி யாரும் அறிக்கை எழுதுவதில்லை. ஆகவே கோப்பிலும் அது இருக்காது, ஸ்லைடிலும் வராது. ஒரு தொழிற்சாலையில் திரும்பி வந்த 12 பேட்ச்களின் ஈரப்பதத்தை அட்டவணை போட்டுக் காரணம் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வராத 200 பேட்ச்களின் ஈரப்பதம் அந்த ஸ்லைடில் இல்லையென்றால், எவ்வளவு நேரம் பேசினாலும் அது காரணத்தைக் காட்டாது.

ஸ்லைடை மறுபடி கட்டுவது

முதலில் மூலத் தரவு ஒரே அட்டவணையில் வர வேண்டும். ஒரு ஏவுதலுக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: பெயர், நாள், மூட்டு வெப்பநிலை, சம்பவ எண்ணிக்கை, சம்பவ வகை. பெயரில் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் முடிவெடுப்பவர் எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறாரோ அதுவே. தயாரிப்பாளரின் எண் வேண்டுமென்றால் இணைப்புத் தாளில் ஒரு நெடுவரிசை.

அடுத்து வரிசைப்படுத்துதல். தரவு நமக்கு நாள் வரிசையில்தான் வந்து சேரும். அப்படியே ஸ்லைடுக்கும் போய்விடும். இங்கே நாள் காரணமல்ல, வெப்பநிலைதான் சந்தேகிக்கப்படும் காரணம். குறைந்த வெப்பநிலையிலிருந்து மேலே அடுக்கினால், படம் போடுவதற்கு முன்னாலேயே முதல் நான்கு வரிகள் பேசத் தொடங்கிவிடும். எதைக் காரணம் என்று நிரூபிக்க வேண்டுமோ அதன்படி அடுக்குங்கள். பல நேரங்களில் படமே தேவைப்படாது.

பிறகு படம். புள்ளிப் படம் (எக்செல்லில் ஸ்கேட்டர்) போதும். பத்திப் படம் சரிவராது. பூஜ்யத்துக்குப் பத்தியே இருக்காது, 16 முக்கியமான வரிகள் மறுபடி காணாமல் போகும். கோட்டுப் படமும் வேண்டாம்; அது கிடை அச்சில் வெப்பநிலையை எண்ணாகக் கொள்ளாமல் சம இடைவெளிப் பெயர்களாக வைக்கும், 58க்கும் 63க்கும் உள்ள இடைவெளியும் 66க்கும் 67க்கும் உள்ளதும் ஒன்றாகிவிடும்.

கிடை அச்சை 20 முதல் 90 வரை, 10க்கு ஒரு குறி என்று கையால் வைக்க வேண்டும். தரவு 53இலிருந்துதான் தொடங்குகிறது, அப்படியிருக்க 20 எதற்கு? கணித்த 29 டிகிரி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அனுபவத்தின் மொத்த அகலம் 53 முதல் 81 வரை, 28 டிகிரி. 53இலிருந்து 29 வரை 24 டிகிரி. ஏறக்குறைய இதுவரை கண்ட அனுபவம் முழுவதற்கும் சமமான தொலைவு வெளியே போகப்போகிறார்கள். அந்த வெற்றிடம் ஸ்லைடில் வெற்றிடமாகவே தெரிய வேண்டும். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அச்சை 50இல் தொடங்கினால் வாதத்தின் பாதி போய்விடும்.

29ஐக் காட்டும் செங்குத்துக் கோட்டை வரைகருவியால் படத்தின் மேல் வரையாதீர்கள். படத்தின் அளவை மாற்றினால் கோடு அதே இடத்தில் நின்றுவிடும், 29 என்பது 34ஐக் காட்டத் தொடங்கும். அதற்குப் பதிலாக (29, 0), (29, 3) என்ற இரண்டு புள்ளிகளைத் தனித் தொடராகச் சேர்த்து, புள்ளியை மறைத்துக் கோட்டை மட்டும் வைத்தால் அது அச்சோடு கட்டுண்டு நகரும். 27க்கும் அப்படியே ஒன்று. மேல் புள்ளியில் ‘நாளை: 27–29’ என்று ஒரு குறிப்பு.

ஒன்றன்மேல் ஒன்று விழும் புள்ளிகள் அடுத்த தொல்லை. 67இல் மூன்று பூஜ்யங்கள், 70இல் இரண்டு பூஜ்யங்களும் இரண்டு ஒன்றுகளும், 76இல் இரண்டு பூஜ்யங்கள். அப்படியே போட்டால் 23 ஏவுதலுக்கு 18 புள்ளிகள்தான் தெரியும். மறைபவை பெரும்பாலும் சேதமில்லாதவை. மூலத் தரவைத் தொடாமல், படத்துக்கென்று ஒரு நெடுவரிசை சேர்த்து 0, 0.12, 0.24 என்று சிறிது உயர்த்தி அடுக்கலாம். கீழே ஒரு வரிக் குறிப்பு: ‘ஒரே வெப்பநிலையில் பல ஏவுதல்கள் இருந்தால் புள்ளிகள் அடுக்கப்பட்டுள்ளன’. பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது. கிடை அச்சுதான் இங்கே வாதம். குத்து அச்சின் அடியில் கொஞ்சம் இடம் வேண்டுமென்று கீழ் எல்லையை −0.2 என்று வைத்தால் எக்செல் குறிகளை அங்கிருந்து எண்ணத் தொடங்கி −0.2, 0.8, 1.8 என்று போடும். எல்லையை 0இலேயே விட்டுவிடுங்கள்.

சேதமில்லாதவற்றுக்கு வெற்று வட்டம், சேதமுள்ளவற்றுக்கு நிரப்பிய வட்டம். சிவப்பு–பச்சை வேண்டாம். நிறப்பார்வைக் குறையுள்ளவருக்கு அந்த இரண்டும் பிரியாது, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் பிரியாது. 51-சிக்கும் 61-ஏவுக்கும் மட்டும் பெயர் எழுதினால் போதும். விவாதம் அந்த இரண்டைச் சுற்றித்தான் நடந்தது. கட்டக் கோடுகள், நிழல், படத்துக்குள் பெட்டியாக வரும் விளக்கம் எல்லாம் போகலாம்.

தலைப்பு ஒரு வாக்கியமாக இருக்கட்டும்: ‘65 டிகிரிக்குக் கீழே ஏவிய நான்கு முறையும் சேதம், நாளை 29’. ‘ஓ-ரிங் வரலாறு’ என்று போட்டால் அது கோப்பின் பெயர். தலைப்புக்கு 28 புள்ளி எழுத்து, அச்சு எண்களுக்கு 16, அடிக்குறிப்புக்கு 12க்குக் குறையாமல். தமிழில் எழுதும்போது சொற்கள் நீளும், மேலும் கீழும் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும்; குத்து அச்சின் பெயரைச் செங்குத்தாகத் திருப்பி எழுதாமல் அச்சுக்கு மேலே கிடையாக எழுதுவது படிக்க எளிது.

ஒரு எச்சரிக்கை. 23 ஏவுதல், ஏவுதலுக்கு 6 மூட்டு, மொத்தம் 138, சம்பவங்கள் 10, ஆகவே 7 சதவீதம் என்று யாராவது கணக்குப் போட வருவார்கள். 51-சியின் மூன்று சம்பவங்கள் இரண்டு மூட்டுகளில் நடந்தவை. ஒரு மூட்டில் முதல் வளையம், இரண்டாவது வளையம் இரண்டுமே பாதிக்கப்பட்டன. சம்பவத்தை மூட்டால் வகுத்தால் மேலே ஒரு அலகு, கீழே வேறு அலகு. அதைவிட மோசம், அந்த 7 சதவீதம் குளிரையும் வெயிலையும் கலந்துவிடுகிறது. கேள்வி பிரிவைப் பற்றியது என்றால் மொத்தச் சராசரி பதிலாகாது. 4க்கு 4, 19க்கு 3 என்று முழு எண்களில் சொல்வது இங்கே தெளிவு. சிறிய எண்ணிக்கைகளைச் சதவீதமாக மாற்றினால் இல்லாத துல்லியம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு ஸ்லைடு

75 டிகிரிக் கேள்விக்குப் பதில் இரண்டாவது ஸ்லைடில் இருக்க வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்பே. அதற்கு ஒரு சிறு அட்டவணை போதும்: இரண்டு நெடுவரிசைகள், 51-சி (53 டிகிரி), 61-ஏ (75 டிகிரி). வரிகள்: கசிந்த மூட்டுகள் 2, 2. கரி பரவிய சுற்றளவு 80 மற்றும் 110 பாகை, 30 முதல் 40 பாகை. வளையத்தில் அரிப்பு உண்டு, இல்லை. கசிவு இரண்டிலும் உண்டு, அளவு ஒன்றல்ல. அன்றிரவு இந்தத் தகவல் தாளில் இருந்தது, ஆனால் தனித்தனி வரிகளாக. அருகருகே வைத்த எண்களைத்தான் கண் ஒப்பிடும். ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவில் வேறு சொற்களோடு இருந்தால் ஒப்பிடாது, படித்துக்கொண்டு போகும்.

மூன்றாவது, காரணத்தைச் சொல்லும் ஸ்லைடு. நசுக்கிய ஓ-ரிங்கை விடுவித்தால் எவ்வளவு நேரத்தில் அது விலகிய உலோகத்தை மறுபடி தொடுகிறது என்று 1985இல் தயோக்கல் சோதித்திருந்தது. 100 டிகிரியில் தொடர்பு விடவே இல்லை. 75இல் 2.4 விநாடி. 50இல் 10 நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை, சோதனையை நிறுத்திவிட்டார்கள். மூன்றே எண்கள். இதைப் படமாக்க நினைப்பவர்கள் உண்டு; 2.4 விநாடிக்கும் 600 விநாடிக்கும் ஒரே அச்சில் பத்தி போட்டால் முதலாவது தெரியவே தெரியாது, மடக்கை அச்சு போட்டால் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. மூன்று வரி அட்டவணையே போதும், கடைசி வரியில் ‘10 நிமிடத்திலும் தொடவில்லை’ என்று எழுத்தில். மூட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு என்பதைத் தலைப்பில் வைத்தால் ஸ்லைடு முடிந்தது.

மற்ற பத்துத் தாளில் இருந்தவை எல்லாம் இணைப்பு. அரிப்பின் ஆழம் மூன்று தசமத்தில், கோணம், நீளம் எல்லாம் அங்கே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சந்தேகப்படுபவர் போய்ச் சரிபார்க்க ஓர் இடம் தேவை. 23 வரி அட்டவணையை ஒரே ஸ்லைடில் போட வேண்டியிருந்தாலும் முடியும். பவர்பாயின்ட்டின் அகல ஸ்லைடு 13.33 அங்குலம் அகலம், 7.5 உயரம். 14 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு சுமார் கால் அங்குலம். தலைப்பு வரியோடு 24 வரி, 6 அங்குலம். ஆனால் கட்டத்துக்குள் மேலும் கீழும் தானாக 0.05 அங்குல இடம் விடப்படுகிறது, அதை அப்படியே விட்டால் 8 அங்குலத்தைத் தாண்டும். அதை 0.01ஆகக் குறைக்க வேண்டும். எண்களை வலப்புறம் ஒதுக்கி, ஒரே எண்ணிக்கையில் தசம இடம். எல்லா வரிக்கும் கோடு போடாமல், 63க்கும் 66க்கும் நடுவில் ஒரே ஒரு கோடு.

அன்றாட ஸ்லைடுகளில்

கணக்குத்துறை ஸ்லைடுகளில் இதே நோய் வேறு உருவத்தில் வரும். ₹1,24,36,518 என்று பைசா தவிர எல்லாம் எழுதிய எட்டு நெடுவரிசைகள். ஒரு ஸ்லைடுக்கு ஓர் அலகு: எல்லாம் கோடி அல்லது எல்லாம் லட்சம். மேலே ஒரு முறை ‘₹ லட்சத்தில்’ என்று எழுதிவிட்டு 124.4 என்று போடலாம். எக்செல்லின் எண் வடிவத்தில் காற்புள்ளியைக் கடைசியில் சேர்த்தால் ஆயிரத்தால் வகுத்துக் காட்டும், லட்சத்தால் காட்டாது. எனவே லட்சத்தால் வகுத்த தனி நெடுவரிசை தேவை. முழு எண்ணை நம் முறையில் காற்புள்ளியிட இந்த வடிவம் உதவும்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

இது நேர் எண்களுக்கு மட்டும். நட்டம் காட்டும் எதிர் எண் மூன்றாவது பகுதிக்குப் போய் மேற்கத்திய முறையில் மும்மூன்றாகப் பிரியும். லாபமும் நட்டமும் ஒரே அட்டவணையில் இருந்தால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

முழுமையாக்கிய பகுதிகளின் கூட்டல் சில நேரம் மொத்தத்தோடு ஒத்துப்போகாது. 99 அல்லது 101 சதவீதம் வரும். மொத்தத்தை மாற்றாதீர்கள். ‘முழுமையாக்கியதால் கூட்டலில் சிறு வேறுபாடு’ என்று அடியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அந்த ஒரு சதவீதத்தில் போய்விடும்.

எக்செல் படத்தை ஸ்லைடில் ஒட்டும்போது பணிப்புத்தகத்தையும் சேர்த்துப் பதிக்கும் வழி இருக்கிறது. அதில் படத்துக்குப் பின்னால் முழுக் கோப்பும் போகும். வாடிக்கையாளருக்கு அனுப்பிய ஸ்லைடில் மற்ற வாடிக்கையாளர்களின் விலைப் பட்டியல் இரட்டைச் சொடுக்கில் திறக்கும். வெளியே போகும் கோப்பில் படமாக ஒட்டுவதே பாதுகாப்பு.

17 ஆண்டு கழித்து மறுபடி

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியின் நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து ஸ்லைடு தயாரித்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவு பாதுகாப்பான பக்கமே இருப்பதைக் காட்டுகிறது என்ற தொனியில் இருந்தது. கீழே நான்கு அடுக்குத் துணைப்புள்ளிகள். மிகக் கடைசியில், மிகச் சிறிய எழுத்தில், உண்மையான செய்தி: நுரையின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3. வகுத்தால் 640 மடங்கு. அந்த வகுத்தலை ஸ்லைடு செய்யவில்லை, வாசகருக்கு விட்டுவிட்டது. ஒரே பக்கத்தில் கன அங்குலம் என்ற அலகே மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஸ்லைடைப் படிக்கும் மூத்த நிர்வாகிக்கு அது உயிர் ஆபத்தைப் பற்றியது என்பதே தெரியாமல் போகலாம் என்று விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்ட் அறிக்கையில் எழுதியது. விகிதம்தான் செய்தி என்றால் விகிதத்தையே எழுத வேண்டும், தலைப்பில்: ‘மோதிய துண்டு, சோதித்ததைப் போல் 640 மடங்கு, சோதனை முடிவு இதற்குப் பொருந்தாது’.

தரவு முழுதாக இல்லாதபோது

தயோக்கல் பொறியாளர்கள் மீது சொல்லப்படும் குறைக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. போஜொலேயும் உடன் எழுதியவர்களும் பின்னாளில் அதை முன்வைத்தார்கள்: எல்லா ஏவுதல்களுக்குமான மூட்டு வெப்பநிலை அன்றிரவு தங்களிடம் இல்லை. மூட்டின் வெப்பநிலை அளந்த எண் அல்ல. காற்றின் வெப்பநிலை, வெயில், ஏவுதளத்தில் நின்ற நேரம் ஆகியவற்றிலிருந்து கணக்கிட வேண்டியது. மேலே உள்ள 23 வரிப் பட்டியல் விபத்துக்குப் பிறகு நமக்குக் கிடைக்கும் வசதி. கூட்டத்துக்கு முன் அவர்களுக்கு இருந்ததோ சில மணி நேரம்.

அந்த நிலையிலும் போட்டிருக்கக்கூடிய ஸ்லைடு ஒன்று உண்டு. இதுவரை நடந்த 24 ஏவுதல்களும் 24 வரி. மூழ்கிப்போன எஸ்டிஎஸ்-4 தவிர மற்றவற்றுக்குச் சேத நெடுவரிசையை நிரப்புங்கள். அது கையில் இருந்தது. வெப்பநிலை நெடுவரிசையில் 53, 75 இரண்டையும் எழுதுங்கள். மற்றவற்றில் ‘கணக்கிடவில்லை’ என்று எழுதி விடுங்கள். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை, ஏவிய நேரத்துக் காற்றின் வெப்பநிலை. அது வானிலைப் பதிவில் உண்டு. மறுநாள் ஏவும் நேரத்தில் காற்று 36 டிகிரி, அதற்கு முன் எந்த ஏவுதலிலும் கண்டதைவிட 15 டிகிரி குறைவு. தலைப்பு: ‘24இல் 2 ஏவுதலுக்கு மட்டுமே மூட்டு வெப்பநிலை தெரியும், மற்ற 22ஐக் கணக்கிடும் வரை தள்ளிவைக்க வேண்டும்’. 75 டிகிரிக் கசிவை வைத்துத் தொடர்பில்லை என்று வாதிட வருபவரும் அந்த 22 வெற்றுக் கட்டங்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.